ஒரு நிமிஷம், அண்ணாச்சி

ஆவுடையப்பன் கடைக்குள் வந்து, கருவிப் பையை மேசைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ரூபி டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். விரித்த செய்தித்தாளில் முறுக்குத் துணுக்குகள் உதிர்ந்தன.

"இது எந்த வீட்டு கீபோர்டு, டீச்சர்?"

"முறுக்கப் பாத்தா வக்கீல் வீடு."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்கும் வரல," என்றார்.

"எது?"

"நீலம்."

செண்பகவல்லி வீட்டுக் கம்ப்யூட்டரின் வியாதி அது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை முழுவதும் நீலமாகிவிடும். ஒரு சோக முகத்தைப் போட்டுக் காட்டும். பிறகு தானாக அணைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக எழும்பும். அதுவரை செய்த வேலை போனது போனதுதான். இப்படி வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. ஆவுடையப்பன் போய் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வருவதில்லை.

"என்னவெல்லாம் பாத்தீங்க?"

"மெமரியக் கழட்டி ரப்பர் வச்சுத் தேச்சு மாட்டினேன். மறுபடி வந்துச்சுன்னு சொன்னாங்க. புது மெமரி போட்டேன். மறுபடி வந்துச்சு. பவர் சப்ளைய மாத்தினேன். உள்ள இருந்ததெல்லாம் அழிச்சு முதல்ல இருந்து ஏத்தினேன். சூடு பாத்தேன், பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. இன்னைக்கு ஒரு முழுப் படத்த ஓடவிட்டு, முன்னால உக்காந்து பாத்துட்டு வாரேன்."

"படம் எப்படி?"

"இடைவேளைக்கு அப்புறம் இழுவை."

"பெட்டி?"

"தங்கமா ஓடுது, டீச்சர். நான் இருந்தா ஓடுது. நான் தெருமுனை திரும்பினா போன் வருது."

"அப்ப அங்கேயே ஒரு பாயப் போட்டுப் படுத்துருங்க."

ரூபி டீச்சர் ஆவுடையப்பனின் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். முன்பு இதே கட்டிடத்து மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அவரிடம்தான் முதன்முதலில் மவுஸைப் பிடித்தார்கள். வகுப்பு நின்று, கீழே பழுது பார்க்கும் கடையான பிறகும் டீச்சர் என்ற பேர் அப்படியே தங்கிவிட்டது.

ஆவுடையப்பன் மஸ்கட்டில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பியதும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்தார். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பிரித்தார். அவர் மனைவியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கடையில் விட்டுவிட்டுப் போனாள். "டீச்சர், இவுகளுக்கு ஏதாவது கெட்டுப்போன சாமானாப் பாத்துக் குடுங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் சீடர்.

செண்பகவல்லி வீட்டு வேலைதான் அவரை நம்பி டீச்சர் தனியாகக் கொடுத்த முதல் வேலை. அது மட்டுமென்றால் வெட்கத்தோடு போயிருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் நடந்த வேலைதான் அவரை உறுத்தியது.

செண்பகவல்லி சரித்திரம் படித்தவள். கண் தெரியாத மாணவிகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவாள். காசுக்காக இல்லை. "எங்க வீட்டுக்காரர்கிட்ட பேச ஆரம்பிச்சா அவரு தூங்கிருதாரு. இந்தப் பிள்ளைங்க தூங்காமக் கேக்குதுங்க," என்பாள். அவர்கள் எல்லோருக்கும் அவள் சித்தி. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பேச்சியம்மாளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. மற்றப் பாடமெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீளமான பானிபட்டுப் போர் மட்டும் போகவில்லை. எத்தனை தடவை வாசித்தாலும் பாதியில் நீலம் வந்துவிடுகிறது.

"பானிபட்டுல படை வந்து நிக்கி, அண்ணாச்சி. சண்டைதான் நடக்க மாட்டேங்கு," என்று இன்று காலையிலும் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் கம்மியிருந்தது. ஒரே பாடத்தை வாசித்து வாசித்துக் கம்மிப்போன குரல்.

அந்தக் குரல்தான் ஆவுடையப்பனைக் கடை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"காரணம் உள்ள கோளாறுன்னா நான் எப்படியாவது பிடிச்சிருவேன். இது நினைச்சா வருது, நினைச்சா வரமாட்டேங்கு. காரணமே இல்லாத கோளாற எப்படி டீச்சர் கண்டுபிடிக்க?"

டீச்சர் கீபோர்டைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க அந்த வீட்டுக்குப் போன கதையச் சொல்லுங்க."

"அதான் சொன்னேன்லா. மெமரியக் கழட்டி..."

"பெட்டி கதை வேண்டாம். நீங்க போன கதை."

ஆவுடையப்பன் யோசித்தார். "பெல் அடிச்சேன். செண்பகவல்லி தங்கச்சி கதவ லேசாத் திறந்து எட்டிப் பாத்தா. ஒரு நிமிஷம் அண்ணாச்சின்னா. செருப்பக் கழட்டினேன். உள்ள போனேன். காப்பி குடுத்தா. வாழைக்காய் பஜ்ஜியும்..."

"இருங்க. அந்த ஒரு நிமிஷம்?"

"அதான், செருப்பக் கழட்டினேன்."

"ஒரு நிமிஷமா?"

"வார் வச்ச செருப்பு, டீச்சர்."

"முன்னால போனப்ப?"

"அப்பவும் ஒரு நிமிஷம்னுதான் சொன்னா. எப்பவுமே அப்படித்தான். மரியாதை தெரிஞ்ச வீடு."

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மேசை குலுங்கியது. செய்தித்தாளிலிருந்த முறுக்குப் பொடி மறுபடியும் வக்கீல் வீட்டு கீபோர்டுக்குள் போயிற்று.

"நான் என்ன சொல்லிட்டேன்னு சிரிக்கீங்க?"

"காலையில நானும் வாரேன், அண்ணாச்சி. பைய எடுக்காதீங்க."

"பை இல்லாம எப்படி டீச்சர் ரிப்பேர் பண்ண?"

"நாம ரிப்பேர் பண்ணப் போகல. பாடம் கேக்கப் போறோம்."

மறுநாள் காலை இருவரும் நடந்தே போனார்கள். பை இல்லாமல் ஆவுடையப்பனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் விட்டுப் பார்த்தார். கல்யாண வீட்டுக்கு மொய் எடுக்காமல் போகிறவர் மாதிரி நடந்தார்.

பெல் அடித்ததும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. செண்பகவல்லியின் முகம் தெரிந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"அடடே, டீச்சரும் வந்திருக்கீங்களா! ஒரு நிமிஷம், அண்ணாச்சி. ஒரே நிமிஷம்."

கதவு சாத்திக்கொண்டது. ஆவுடையப்பன் வழக்கம்போலச் செருப்பு வாரை அவிழ்க்கக் குனிந்தார். டீச்சர் அவர் முழங்கையைத் தொட்டார்.

"செருப்பு எங்கயும் போகாது. கேளுங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். உள்ளே ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாற்காலி இழுபட்டது. ஏதோ துணியை ஓங்கி உதறும் சத்தம். கடைசியாக, தலைக்கு மேலே ஓடும் ஃபேன் சுற்றத் தொடங்கும் முனகல். இத்தனை நாள் இந்த வாசலில் நின்றும் இதில் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கதவு அகலமாகத் திறந்தது.

"வாங்க, வாங்க. வீடு கொஞ்சம் அலங்கோலமாக் கிடந்துச்சு. உக்காருங்க. காப்பி போட்டுட்டு வாரேன்."

"காப்பி அப்புறம்," என்றார் டீச்சர். "முதல்ல பானிபட்டு."

செண்பகவல்லி விழித்தாள்.

"வாசிங்கம்மா. நாங்க சும்மா உக்காந்து கேக்கோம். பேச்சிக்கும் போன் போடுங்க. அவளும் கேக்கட்டும்."

"உங்க முன்னாலயா? எனக்குக் கூச்சமா இருக்கும், டீச்சர். இந்த அண்ணாச்சி கேட்டப்பவே முடியாதுன்னுட்டேன்."

"அண்ணாச்சி திரும்பி உக்காந்துக்கிடுவாங்க."

ஆவுடையப்பன் உடனே சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு குழந்தை தவழ்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

போனில் பேச்சியின் குரல் வந்தது. "சித்தி! பாடம் வருதா?"

"வந்துக்கிட்டே இருக்கு, தாயி. அப்படியே கேளு."

"நீங்க தனியா இருந்தா எப்படிப் பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணுங்க," என்றார் டீச்சர்.

செண்பகவல்லி எழுந்தாள். ஃபேனை நிறுத்தினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். தலையணை ஒன்றை மேசைமேல் நிறுத்தி, அதன் முன்னால் மைக்கை வைத்தாள். பிறகு கட்டிலருகே போய்த் தயங்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, டீச்சர்."

"எப்பவும் எப்படியோ, அப்படியே."

கட்டிலில் மடித்து வைத்திருந்த பருத்த போர்வையைச் செண்பகவல்லி எடுத்தாள். குளிர் ஊருக்குப் போனபோது வாங்கிய கம்பளிப் போர்வை. அதை இரண்டாக மடித்து, மேசையடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் போட்டாள். முன்பக்கம் இழுத்துவிட்டாள். பின்பக்கம் இழுத்துவிட்டாள். தூங்குகிற பிள்ளைக்குக் காற்றுப் படாமல் செருகுவதுபோல, ஓரங்களையெல்லாம் அடியில் செருகினாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தார். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டார். மூடுவதற்குப் பெரும்பாடு பட்டார்.

செண்பகவல்லி வாசிக்கத் தொடங்கினாள்.

கம்மிய குரல்தான். ஆனால் அது புத்தகத்தை வாசிக்கிற குரலாக இல்லை. அடுத்த தெருவில் நடந்ததை ஓடிவந்து சொல்கிற குரலாக இருந்தது. தில்லியில் சுல்தான் இருந்தான். மேற்கே மலைகளைத் தாண்டி ஒருவன் வந்தான். ஒரு பக்கம் பெரும் படை, வரிசையாக யானைகள். இன்னொரு பக்கம் கொஞ்சம் பேர், ஆனால் இந்த மண் அதிகம் பார்த்திராத பீரங்கிகள். வண்டிகளைத் தோல்வாரால் பிணைத்து வரிசையாக நிறுத்தினார்கள். நாட்கள் போயின. யாரும் முதலில் பாயவில்லை.

அறை வெந்தது. ஆவுடையப்பனின் பனியன் முதுகோடு ஒட்டியது. முதலில் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் அதை மறந்தார். ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். யானைகள் நகரத் தொடங்கின. தரை அதிர்ந்தது. வண்டிகளுக்குப் பின்னால் ஒருவன் திரியை எடுத்தான். திரியில் நெருப்பு...

திரை நீலமாயிற்று.

சோக முகம் மூவரையும் பார்த்தது.

"சித்தி?" என்றது போன். "யானை என்னாச்சு?"

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "வந்துருச்சு!" என்று கத்தினார். "டீச்சர், வந்துருச்சு! என் கண்ணு முன்னால வந்துருச்சு!" இரண்டு கையையும் தூக்கினார். லாட்டரி விழுந்தவர்கூட அப்படிக் குதிப்பாரோ என்னவோ. "என்ன அழகா வந்திருக்கு பாத்தீங்களா! ஆஹா!"

செண்பகவல்லி பயந்துபோனாள். "அண்ணாச்சிக்கு என்ன செய்யுது, டீச்சர்? தண்ணி கொண்டாரட்டா?"

ஆவுடையப்பன் அதற்குள் தரையில் மண்டியிட்டிருந்தார். போர்வைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து உதறினார்.

"தோசக்கல்லு! தங்கச்சி, இதுல மாவ ஊத்தினா முறுகலா வரும்!"

"சூடாவா இருக்கு?"

"ஏம்மா, இந்த வெயில்ல உன் தலையில இந்தப் போர்வையப் போத்தி ஓடச் சொன்னா நீ ஓடுவியா? உள்ள ஃபேன் இருக்கும்மா. காத்து போய் வரணும்லா. போர்வை இருக்குன்னு எங்கிட்ட நீ சொல்லவே இல்லயே!"

"போர்வையில என்ன அண்ணாச்சி இருக்கு சொல்ல?" செண்பகவல்லிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஆள் வரும்போது போர்வையும் தலையணையுமா வீட்டப் போட்டு வைக்க முடியுமா? புழுக்கத்துல உங்கள உக்கார வைக்க முடியுமா? அதான் ஒரு நிமிஷம்னு சொல்லி எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு..."

அவள் நிறுத்தினாள். போர்வையைப் பார்த்தாள். ஆவுடையப்பனைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையே சிரிப்பு கசிந்தது.

"எதுக்கும்மா போத்தினீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"பேச்சிக்காகத்தான். பதிவுல பின்னால ஒரு வண்டு கத்துது சித்தின்னு ஒரு நாள் சொன்னா. அவளுக்குக் காதுதானே எல்லாம். பெட்டி போடுத சத்தம் பிள்ளைக்கு இடைஞ்சலா இருக்கேன்னு..."

"ஐயோ சித்தி!" போன் அலறியது. "அது இடைஞ்சல்னா சொன்னேன்? பிடிச்சிருக்குன்னுல்லா சொன்னேன்!"

"எப்ப சொன்ன?"

"சொல்ல வந்தேன். குக்கர் விசில் அடிக்குன்னு நீங்க போன வச்சுட்டீங்க!"

ஆவுடையப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சித்தி, அது எங்களுக்கு சித்தி வீட்டு வண்டு," என்றாள் பேச்சி. "நீங்க வாசிக்க ஆரம்பிக்க முன்னாலயே அது கேக்கும். உய்ய்ய்ன்னு. அது கேட்டா, சித்தி வந்து உக்காந்தாச்சுன்னு அர்த்தம். விடுதியில எல்லாரும் பேச்ச நிறுத்திருவோம். இப்ப கொஞ்ச நாளா அதக் காணோம். நீங்க வீடு மாறிட்டீங்களோன்னு நினைச்சோம். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

செண்பகவல்லி போர்வையை உருவி எடுத்தாள். மடிக்கவில்லை. அப்படியே சுருட்டிக் கட்டிலில் எறிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் திரும்பினாள்.

"இருந்தாலும், டீச்சர், சத்தமே இல்லாம இத ஓட வைக்க வழி இருக்கா? மத்த பிள்ளைங்களும் கேக்குமே."

"மூச்சு விடாம ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க," என்றார் டீச்சர்.

செண்பகவல்லி புத்தகத்தை எடுத்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து, சுல்தானில் தொடங்கினாள். மலை தாண்டினாள். யானை வரிசைக்குள் வரும்போதே முகம் சிவந்துவிட்டது. "பீர" என்றவள், "ங்கி" என்று முடிப்பதற்குள் வெடித்துச் சிரித்தாள். போனில் பேச்சியும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் விடுதிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சிரிப்பது கேட்டது. இவ்வளவு நேரமும் அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செண்பகவல்லி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பெட்டி உய்யென்று இரைந்தது. தெருவில் ஒருவர் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார். பதிவில் அவரும் ஏறியிருப்பார். யானைகள் நகர்ந்தன. திரியில் நெருப்பு வைத்தார்கள். ஆவுடையப்பன் திரையைப் பார்க்கவே பயந்து காலண்டர் குழந்தையைப் பார்த்தார்.

பீரங்கி வெடித்தது.

யானைகள் மிரண்டு திரும்பி, தங்கள் படையையே மிதித்துக்கொண்டு ஓடின. போர் முடிந்தது. அத்தியாயமும் முடிந்தது. செண்பகவல்லி பதிவைச் சேமித்து, அப்போதே மதுரைக்கு அனுப்பினாள்.

"வந்துருச்சு, சித்தி!" என்றாள் பேச்சி. "வண்டும் வந்துருச்சு!"

அதற்குப் பிறகுதான் காப்பி வந்தது. கட்டிலில் போர்வை சுருண்டு கிடந்தது, மேசையில் தலையணை நின்றது, நாற்காலியில் காயாத துணி தொங்கியது. செண்பகவல்லி எதையும் எடுத்து வைக்கவில்லை. ஆவுடையப்பன் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து குடித்தார். இந்த வீட்டில் இதுவரை குடித்ததிலேயே இதுதான் நல்ல காப்பி என்று நினைத்தார். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் முன்னால் குடித்ததெல்லாம் என்ன என்று கேட்பாள்.

திரும்பும் வழியில் அவர் கை தானாக வீசி நடந்தது. பை இல்லாதது நினைவிலேயே இல்லை. மார்க்கெட் திருப்பம் வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தவர், அங்கே வந்ததும் கேட்டார்.

"டீச்சர், நேத்தே உங்களுக்குப் போர்வை விஷயம் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நான் அந்த வீட்டுக்கு இன்னைக்குத்தான் முதல்ல போறேன்."

"அப்ப நான் ஒரு நிமிஷம்னு சொன்னதும் அப்படிச் சிரிச்சீங்களே?"

"அது வேற."

"என்ன வேற?"



"போன ஞாயித்துக்கிழம கடைச் சாவி குடுக்க எங்க வீட்டுக்கு வந்தீங்கல்லா, அண்ணாச்சி?"

"ஆமா."

"கதவத் திறந்ததும் நான் என்ன சொன்னேன்?"

ஆவுடையப்பன் நினைத்துப் பார்த்தார். நினைவு வந்ததும் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு ஆட்டோ பின்னால் வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஓட்டியவர் தலையை நீட்டி ஏதோ கத்தினார்.

ஆவுடையப்பன் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு நிமிஷம், தம்பி."